சாக்குத் திரைக்குப் பின்னால் இரண்டு ப்ராசஸர்கள்

கொடைக்கானலில் என் பெரியப்பா மகன்கள் இருவரும் சேர்ந்து நடத்தும் கேமிங் சென்டரை இரண்டாகப் பிரிக்க ஆசாரி வந்து அளவெடுத்துப் போயிருந்தார். நடுவில் அடிப்பதற்கான ப்ளைவுட் சுவரில் சாய்ந்து நின்றது. சொத்துத் தகராறு ஒன்றுமில்லை. பழைய ஆறு கம்ப்யூட்டர்களை மாற்றும்போது எந்தக் கம்பெனி ப்ராசஸர் போடுவது என்பதுதான் சண்டை. கம்பெனிகள் இரண்டு, ஒன்றின் நிறம் நீலம், மற்றதன் நிறம் சிவப்பு. பெரியண்ணன் நீலக் கட்சி, சின்னண்ணன் சிவப்பு.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் தீர்ப்பு என்னிடம் வந்தது. பட்டியல் போடாமல் நான் தீப்பெட்டிகூட வாங்குவதில்லை. ஒன்பது இணையதளங்களின் சோதனை முடிவுகளை ஒரே ஷீட்டில் ஏற்றினேன். நான்கில் நீலம் வேகம், நான்கில் சிவப்பு. ஒன்பதாவது, வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று பெருந்தன்மையாக முடித்திருந்தது. எல்லோரும் நடுநிலையாளர்கள், எல்லோரும் சோதித்தது எங்கள் கடை ஒருநாளும் வாங்கப்போகாத கிராஃபிக்ஸ் கார்டில்.

“அவன் காட்டுற சைட்டெல்லாம் காசு வாங்கிட்டு எழுதுறது பாப்பா” என்றார் பெரியண்ணன்.

“அண்ணே, நீ காட்டுறத மட்டும் பழனிக்கு மாலை போட்டுட்டு எழுதுனாங்களாக்கும்?”

“ஏலே, சோலியப் பாரு.”

மதுரைக் கடையிலிருந்து மாதிரிக்கு இரண்டையும் வரவழைத்தேன். மற்ற பாகங்கள் எல்லாம் ஒன்றே. இரண்டு கம்ப்யூட்டர் பெட்டிகளையும் மேசைக்கடியில் இடதும் வலதுமாக வைத்து, முன்னால் பூண்டி கிராமத்திலிருந்து பூண்டு வந்த சாக்குகளைத் தொங்கவிட்டேன். இருவரும் இரண்டு இருக்கையிலும் ஒரே கேமை ஆடிவிட்டு, எது வேகம் என்று தனித்தனியே சீட்டில் எழுத வேண்டும்.

இருவருமே ‘இடது’ என்று எழுதினார்கள். சாக்கை விலக்கினேன். சிவப்பு. சின்னண்ணன் குதித்தார்.

ஒரு தடவை வந்த முடிவை நான் நம்புவதில்லை. மறுநாள் வெள்ளனே போய், சொல்லாமல் பெட்டிகளை இடம் மாற்றினேன். மறுபடியும் இருவரும் ‘இடது’. இப்போது அது நீலம். சின்னண்ணன் தன் கையெழுத்திலேயே நீலத்துக்கு ஓட்டுப் போட்டிருந்தார்.

வலது இருக்கையில் நானே உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிடத்தில் விரல்கள் மரத்துவிட்டன. பின்கதவின் அடி இடைவெளி வழியாக மூடுபனி நேராக மவுஸ் மேல் ஏறிக்கொண்டிருந்தது. அந்தத் தளங்களில் பலவும் சோதனை அறையின் வெப்பநிலையை ஒரு வரியில் சொல்லியிருந்தன. நான்தான் என் ஷீட்டில் அதற்குக் கட்டம் போடவில்லை.

“இங்க உக்காந்தா விரல் வெறைக்குதுன்னு ரெண்டு பேருமே சொல்லலையேண்ணே?”

“கொடைக்கானல்ல வெறைக்காம? நீ எது வேகம்னுதான கேட்ட!” என்றார் சின்னண்ணன். பெரியண்ணன் தலையாட்டினார். பல வாரங்களுக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் என் முட்டாள்தனம்.

தடுப்பு அடிக்க வந்த ஆசாரி, அந்த ப்ளைவுட்டை அறுத்துப் பின்கதவில் அடித்துவிட்டுப் போனார். மதுரையில் இருப்பு இருந்தபடி மூன்று நீலம், மூன்று சிவப்பு வந்து இறங்கின. இடது வரிசையில் யாருடைய மூன்றை வைப்பது என்று இப்போது பேச்சு நடக்கிறது. நல்லவேளை, ப்ளைவுட் மிச்சமில்லை.