மஞ்சள் கயிற்றுக்குக் கீழே

அன்று காலை காரைச் சுற்றி அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான் என நாலு பேர் நின்றிருந்தோம். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் இல்லை. குலதெய்வத்துக்கு மொட்டை போடப் போயிருந்தார். அக்காவும் இல்லை. கல்வராயன் மலை மேல் மாமியார் வீட்டில் ஏழு மாத வயிற்றோடு இருந்தாள். மறுநாள் அங்கே வளைகாப்பு. முடிந்ததும் அவளைப் பிரசவத்துக்கு எங்கள் ஊரான வடக்கனந்தலுக்கு அழைத்து வர வேண்டும். அந்த வளைவுகளில் பஸ் அவளுக்கு ஆகாது. முகூர்த்த நாள் என்பதால் வாடகைக்கும் வண்டி கிடைக்கவில்லை.

இருந்தது கரும்புப் பணத்தில் வாங்கிய எங்கள் பழைய பெட்ரோல் கார்தான். ஸ்டார்ட் செய்தால், நின்ற இடத்திலேயே ரேஸ் தானாக ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஆக்சிலேட்டரில் யாரும் கால் வைக்கவில்லை.

"இன்னா மாமா, வண்டி கெனா கண்டுகினு கீதா?" என்றார் மாமா அப்பாவிடம்.

"உனுக்கு நக்கலு. வளைவுல தானா பாஞ்சா நீயா புடிப்ப?" என்றார் அப்பா.

நான் படித்தது கணக்கு. ஆனால் வீட்டில் முதலில் படித்தவன் என்பதால், கார் கெட்டாலும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். எங்கோ ஓட்டை விழுந்து வேண்டாத காற்று உள்ளே போனால் இன்ஜின் இப்படித் தவிக்கும் என்று போனில் படித்தேன். துணி தேய்க்கத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்து, ஓடும் இன்ஜினின் குழாய்கள் மேல் ஒவ்வொன்றாகத் தெளித்தேன்.

"கார குளிப்பாட்டிகினு கீறான் பாரு ஒம் புள்ள" என்றார் மாமா அம்மாவிடம்.

விரல் பருமனான ஒரு ரப்பர் குழாயில் தண்ணீர் பட்டதும் சத்தம் சட்டென்று மாறியது. அந்தக் குழாயில்தான் ஆயுத பூசைக்கு ஆயுத பூசை அப்பா மஞ்சள் கயிறு கட்டுவார். பழையதை அவிழ்க்காமல், அதன் மேலேயே இறுக்கி. சூட்டில் காய்ந்த கயிறு ரப்பரைக் கடித்திருந்தது.

கயிற்றின் ஓரத்தில் விரலை வைத்தேன். உள்ளிருந்து ஏதோ என் தோலை இழுத்தது. சத்தம் ஒரே சீராக அடங்கியது. விரலை எடுத்தேன், தவிப்பு திரும்பியது. வைத்தேன், அடங்கியது. இவ்வளவு பெரிய இரும்பு முடியளவு பிளவுக்கு இப்படித் திணறுமா? மாமா கூடத் தன் விரலை ஒரு முறை வைத்துப் பார்த்துவிட்டு, கையைச் சட்டையில் மெல்லத் துடைத்துக்கொண்டார்.

"கயித்த அறுக்கணும்பா."

அப்பா நகரவில்லை. "பொண்ணு வர்ற நேரத்துல சாமி கயித்துல கத்தி வெக்கறதா?"

அம்மா வீட்டுக்குள் போய் அரிவாள்மனையோடு வந்தாள். "அவ கார்ல தான வரப்போறா, கயித்துலயா வரப்போறா? தள்ளு." அறுத்ததைக் கண்ணில் ஒற்றி, கிணற்றில் போட்டாள்.

கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறிப் புதுக் குழாய் வாங்கி வந்து மாட்டினேன். மறுநாள் மலையிறங்கும்போது, கை நிறைய வளையலோடு அக்கா அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வளைவுகளில் வண்டி அப்பாவின் கால் சொன்னதை மட்டும் கேட்டது. குழாய், கிளிப்பு, பஸ் காசு எல்லாம் சேர்த்து நூற்றைம்பது ரூபாய்.