க்ளாரி இறக்கிய காற்று

க்ளாரி நோஸ்கியிடம் டயர் வாங்க வருகிறவர்களுக்கு முதலில் எரிச்சல்தான் வரும். டயரைக் காட்டவே மாட்டார். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடப்பார். கதவைத் திறந்து, கால் வைக்கும் இடத்தில் கிடக்கும் மண்ணை விரலால் எடுத்துப் பார்ப்பார். பிறகு, "போன மாசம் இந்த வண்டி எங்கெல்லாம் போச்சு, சொல்லுங்க" என்பார். நகரத்துக்காரர்கள் போன இடத்தைச் சொல்லமாட்டார்கள். போக ஆசைப்படும் இடத்தைத்தான் சொல்வார்கள்.

"மணல்மேடு, ஆத்துச் சேறு, மலை, எல்லா எடத்துக்கும் போவோம்" என்று ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது. புது எஸ்யூவி, பக்கத்தில் மனைவி.

"பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் போன வண்டி மாதிரில்ல இருக்கு" என்றார் க்ளாரி. "உங்களுக்குச் சேத்து டயர் வேணாங்க. தார் ரோட்டுல ஓன்னு கத்தும். அம்மா ரெண்டாம் நாளே பஸ் ஏறிடுவாங்க."

அந்த அம்மா சிரித்துவிட்டார். கணவர் சிரிக்கவில்லை. ஆனால் க்ளாரி சொன்ன டயரைத்தான் போட்டுக்கொண்டு போனார்.

பாலைவன நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் காட்டவாரா ரோடுஹவுஸுக்கு நான் பதினைந்து வயதில் பாத்திரம் கழுவ வந்தேன். பெட்ரோல் பங்க், சமையலறை, பின்னால் தங்குவதற்கு ஆறு அறைகள், பக்கத்தில் க்ளாரியின் டயர் கொட்டகை. ஊர் அவ்வளவுதான். தெற்கே முந்நூறு கிலோமீட்டர் தார் ரோட்டில் போனால் ஆஸ்பத்திரி. வடக்கே கல் ரோடு. அந்தக் கல் உருண்டைக் கல் அல்ல, உடைந்த பாட்டில் மாதிரி விளிம்புள்ள சிவப்புக் கல். நான் பாத்திரம் கழுவும் தொட்டியின் ஜன்னலிலிருந்து டயர் கொட்டகை நேராகத் தெரியும். இருபத்திரண்டு வருடம் அவர் வேலையை அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நான் பேசுவது குறைவு. அதனால் அவர் எனக்கு வைத்த பெயர் வாயாடி.

எல்லோருக்கும் அவர் சொல்வது ஒன்றுதான். எல்லாத் தரையிலும் ஓடும் ஆல் டெரெய்ன் டயரில் இரண்டு ஜாதி. ஒன்று காருக்குச் செய்வதைப் போலச் செய்தது. மெத்தென்று ஓடும், சத்தம் வராது, ஆனால் பக்கவாட்டு ரப்பர் மெல்லிசு. இன்னொன்று லாரிக்குச் செய்வதைப் போலச் செய்தது. பக்கவாட்டு முரடு, உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு முறியும், ஆனால் கல்லுக்குத் தாங்கும். "ஐந்நூறு கிலோமீட்டர் நல்ல ரோட்டுல போறீங்க, இருபது கிலோமீட்டர் கல்லுல போறீங்கன்னா, அந்த இருபதுக்குத்தான் டயர் வாங்கணும்" என்பார். கல் ரோட்டில் போகிறவருக்கு இரண்டு ஸ்டெப்னி இல்லாமல் வண்டியை விடமாட்டார்.

அவர் வீடும் அந்தக் கல் ரோட்டில்தான் இருந்தது, அறுபத்து நான்கு கிலோமீட்டர் உள்ளே. அவர் மனைவி வெர்னா அங்குள்ள மாட்டுப் பண்ணையில் முப்பது வருடம் சமையல் செய்தவர். ஓய்வு பெற்றதும் பண்ணைக்காரர்கள் ஒரு பழைய வீட்டை அவருக்கே விட்டுவிட்டார்கள். வெர்னா பெரிய குரல்காரி. என் சமையலறைக்குள் வந்தால் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "இது ஆட்டுக்கறியா, இல்ல க்ளாரியோட செருப்பா?" என்று கேட்காமல் போகமாட்டார்.

அறுபத்தொன்பதாவது வயதில் வெர்னாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. தெரிந்தபோதே எலும்புக்குப் போயிருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை ஆஸ்பத்திரி. தார் ரோடு அவருக்குச் சிரமமில்லை. கல் ரோடுதான். அந்த ரோடு தகரக் கூரை மாதிரி அலை அலையாக இருக்கும். க்ளாரியின் வண்டியில் இருந்தவை அந்த முரட்டு டயர்கள். ஒவ்வொரு அலையும் வெர்னாவின் முதுகில் இறங்கும்.

வெர்னா ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் அவரை என் அறையில் படுக்க வைத்துவிட்டு க்ளாரி வண்டியைக் கூட்டிக்கொண்டிருந்தார். இருக்கையில் கிடந்த கைத்துண்டை எடுத்து உதறியவர், அப்படியே நின்றார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் துணி எடுக்கப் போனபோது எனக்கும் தெரிந்தது. துண்டு முழுக்கப் பல் தடம். இரண்டு இடத்தில் நூல் அறுந்திருந்தது.

அடுத்த வாரம் நான்கு மெல்லிய டயர்கள் லாரியில் வந்தன. ரோடுஹவுஸ் முதலாளி டெஸ் கொட்டகைக்கு வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"யாருக்கு மாப்ள இது?"

"எனக்குத்தான்."

"கல்லு ரோட்டுக்கா? இதக் கேட்டு வந்தவன எல்லாம் நாய வெரட்டற மாதிரி வெரட்டுன ஆளு நீ."

"வெரட்டுனேன்."

"அப்புறம்?"

"மெதுவாப் போனா கிழியாது."

"இதத்தான மாப்ள அவனுங்களும் சொன்னானுங்க."

க்ளாரி டயரைச் சக்கர ரிம்மில் ஏற்றினார். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஒரு மெத்தையை விரித்தார். அதற்கு இடம் வேண்டியிருந்ததால் இரண்டாவது ஸ்டெப்னியைக் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

அந்த டயரில் முதல் பயணத்தன்று அவர்கள் காலையில் கல் ரோட்டிலிருந்து வந்தபோது நான் தேநீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். க்ளாரி ஜன்னல் வழியே கையை நீட்டி என்னை நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. பின்னால் வெர்னா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். துண்டு மடித்தபடியே இருந்தது.

"அணைச்சா முழிச்சுக்குவா" என்றார் மெதுவாக. "பத்து நிமிஷம் போகட்டும், வாயாடி." நாற்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார். டெஸ் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஐந்து பயணம் நல்லபடியாக நடந்தது. மாலை குளிர்ந்த பிறகோ விடியற்காலையிலோதான் அந்த ரோட்டில் போவார்கள். ஒவ்வொரு தடவையும் கல் ரோடு தொடங்கும் இடத்தில் இறங்கி, டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்குவார். காற்றை இறக்கினால் குலுக்கல் குறையும். ஆனால் டயரின் பக்கம் வெளியே பிதுங்கும், கல் அங்கேதான் கடிக்கும். முரட்டு டயருக்கு அவர் கை இருபத்தாறு ராத்தல் காற்றழுத்தத்துக்குப் பழகியது. இந்த மெல்லிய டயருக்கு முப்பதுக்குக் கீழே போகக்கூடாது என்று அவரே சுண்ணாம்புக் கட்டியால் கொட்டகைக் கதவில் எழுதி வைத்திருந்தார்.

எங்கள் பக்கம் ஜனவரிதான் கடுங்கோடை. அந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. முந்தின நாள் ஆஸ்பத்திரியில் தாமதமாகி அங்கேயே தங்கிவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். வெயில் நாற்பத்தாறு. வண்டியின் ஏசி டிசம்பரிலேயே நின்றுவிட்டது. பாகம் இன்னும் வரவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் இங்க படுக்க வை. ஆறாம் நம்பர்ல ஏசி ஓடுது" என்றார் டெஸ்.

"வீட்டுக்குப் போறேன்" என்றார் வெர்னா. அந்தப் பெரிய குரல் போய்விட்டிருந்தது. "க்ளாரி, என்னை எங்கயும் எறக்காத. எறக்கி ஏத்தறதுக்குள்ள செத்துருவேன். வீட்டுக்குப் போ."

க்ளாரி கீழே இறங்கி டயர் பக்கத்தில் குந்தினார். காற்று போகும் சத்தம் ஜன்னல் வரைக்கும் கேட்டது. வழக்கத்தைவிட நீளமாகக் கேட்டது. நான் தட்டைத் துடைப்பதை நிறுத்தினேன். நான்கு டயருக்கும் அப்படித்தான். பிறகு வண்டி போய்விட்டது.

வழியில் நடந்ததை அவர் போலீஸிடம் சொன்னபடி எழுதுகிறேன். பதினோராவது கிலோமீட்டரில் பின் டயர் பக்கவாட்டில் கிழிந்தது. ஸ்டெப்னியை மாட்டினார். திரும்பிவிடலாமா என்று கேட்டார். வெர்னா வேண்டாம் என்றார். இருபத்தேழாவது கிலோமீட்டரில் முன் டயர் கிழிந்தது. வெறும் ரிம்மிலேயே ஓட்டிப் பார்த்தார். இருநூறு மீட்டர் போவதற்குள் வெர்னா கத்திய கத்தலில் நிறுத்திவிட்டார். வண்டி நின்ற இடம் பள்ளம், அங்கிருந்து ரேடியோ யாருக்கும் எட்டாது. கோடையில் அந்த ரோட்டில் வேறு வண்டியும் வராது. தார்ப்பாயைக் கட்டி, அதன் நிழலில் மெத்தையைப் போட்டு அவரைக் கிடத்தினார். பிறகு இங்கே எல்லோரும் செய்வதைச் செய்தார். முதலில் கிழிந்த டயரைத் தூரமாக உருட்டிப் போய், டீசல் ஊற்றிக் கொளுத்தினார். டயர் புகை கறுப்பாக நேராக எழும். எங்கிருந்தாலும் தெரியும்.

எனக்குத் தெரிந்தது. ஆறு அறைகளின் போர்வைகளையும் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். வடக்கே ஒரு கறுப்புக் கோடு. மணி இரண்டேகால்.

முந்தின மாதம் ஒருநாள் புகை என்று நான் ஓடிப்போய்ச் சொல்ல, அது புழுதிச் சுழற்காற்றாகப் போயிற்று. லாரிக்காரர்கள் ஒரு வாரம், "வாயாடி, இன்னிக்கு எங்க தீப்பிடிச்சிருக்கு?" என்று கேட்டார்கள். அன்றும் அதே லாரிக்காரர்கள் மூன்று பேர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரோடு போடுகிறவர்கள் பழைய டயரை எரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ரோடு போடுகிறவர்கள் புதன்கிழமையே தெற்கே போய்விட்டார்கள். அவர்களுக்குக் கடைசிக் காலைச் சாப்பாடு போட்டவள் நான்தான். மீதிப் போர்வைகளைப் போட்டேன். உள்ளே போய்த் தட்டுகளைக் கழுவினேன். லாரிக்காரர்கள் போன பிறகு டெஸ்ஸிடம் சொன்னேன். அப்போது மணி மூன்று.

டெஸ் வண்டிச் சாவியை எடுத்தார். "ஏறு" என்றார். தண்ணீரும் ஐஸும் எடுத்துக்கொண்டு நானும் போனேன். அவர் வண்டியில் முரட்டு டயர். எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகமாகப் போனோம்.

க்ளாரி தார்ப்பாயின் கீழே உட்கார்ந்து தொப்பியால் வெர்னாவுக்கு விசிறிக்கொண்டிருந்தார். நாங்கள் இறங்கியும் விசிறுவதை நிறுத்தவில்லை. டெஸ் குனிந்து வெர்னாவின் கழுத்தில் கை வைத்தார். பிறகு க்ளாரியின் கையைப் பிடித்தார்.

"போதும் மாப்ள."

"மூணு மணிக்குத் தண்ணி கேட்டா" என்றார் க்ளாரி. "குடுத்தேன். குடிச்சா."

அடக்கம் முடிந்து மூன்றாவது வாரம் அவர் கொட்டகையைத் திறந்தார். நான் தேநீர் கொண்டுபோனேன். இத்தனை வருடத்தில் நானாக அவரிடம் பேச்சை ஆரம்பித்தது அன்றுதான்.

"புகைய நான் ரெண்டேகாலுக்கே பாத்தேன். மூணு மணிக்குத்தான் சொன்னேன்."

அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தார். சுண்ணாம்பில் எழுதிய முப்பது அப்படியே இருந்தது.

"நான் பதினெட்டுக்கு எறக்குனேன்" என்றார்.

தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு அவர் என்னை வாயாடி என்று கூப்பிடவில்லை. வேறு பெயரும் வைக்கவில்லை.

மெல்லிய டயர்களில் எரியாமல் மிஞ்சிய மூன்றையும் கத்தியால் குத்தி, யாருக்கும் ஆகாதபடி செய்து குப்பை மேட்டில் போட்டார். வண்டிக்குப் பழைய முரட்டு டயர்களையே மாட்டினார். இரண்டு ஸ்டெப்னி. மெத்தையை எடுக்கவில்லை. ஒரு ஸ்டெப்னியை அதன் மேலேயே போட்டுக் கட்டிக்கொண்டார்.

தினமும் மாலையில் அந்த அறுபத்து நான்கு கிலோமீட்டர் போகிறார், காலையில் வருகிறார். கல் ரோடு தொடங்கும் இடத்தில் இப்போது நிறுத்துவதில்லை. காற்றை இறக்குவதில்லை. முழுக் காற்றோடு அந்த அலைகளின் மேல் ஏறிப் போகிறார். வண்டி கழன்று விழுவதுபோல் அதிரும் சத்தம் என் தொட்டி வரைக்கும் கேட்கும்.

"காத்த எறக்கிட்டுப் போ மாப்ள. முதுகு ஒடஞ்சிடும்" என்று டெஸ் ஒருநாள் சொன்னார்.

"ஒடையல" என்றார் க்ளாரி. வண்டியைக் கிளப்பினார்.