மதினியின் விலையும் ஒரு சிவப்புக் கோடும்

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கும் என் மதினி, தன் ஏலக்காயைக் குறைந்தபட்சம் என்ன விலைக்குக் கொடுப்பாள் என்பதை என் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை. அது வியாபாரி காதுக்குப் போனால் அதற்கு மேல் ஒரு ரூபாய் ஏறமாட்டான். அந்த விலையை எங்கள் செயலியில் போடச் சம்மதித்தாள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

போடியில், காய் ரகம் பிரிக்கும் கடையின் மாடியில், விவசாயிகள் காயை விற்பதற்கான அந்தச் செயலியை நானும் நண்பனும் எழுதிக்கொண்டிருந்தோம். வியாபாரிக்குச் சரக்கின் லாட்டு எண்ணும் காயின் படமும் மட்டும் தெரியும். விவசாயியின் அடிமட்ட விலை உள்ளே பூட்டியிருக்கும், அதை எட்டாத விலைக்குக் காய் போகாது. அதைத் திறக்கும் சாவி எங்கள் சர்வரைத் தாண்டக் கூடாது. ஆனால் அந்தச் சாவியின் பெயருக்கு முன்னால் யாராவது 'பப்ளிக்' என்று சேர்த்துவிட்டால் போச்சு, பக்கத்தைத் திறக்கிற அத்தனை பேர் போனுக்கும் அது போய்விடும்.

அதனால் லின்ட்டில் ஒரு விதி எழுதினேன். நாம் எழுதிய நிரலை வெளியே விடுவதற்கு முன்பே படித்துக் குற்றம் கண்டுபிடிக்கும் கருவி அது. பப்ளிக் என்று தொடங்க நான் குறித்துக்கொடுத்த பெயர்களுக்குத்தான் அனுமதி. வேறு பெயர் வந்தால் சிவப்புக் கோடு போட்டு வேலையை நிறுத்திவிடும்.

நண்பன் சிரித்தான். "இருக்கதே ரெண்டு பேரு மாப்ளே. இதுக்கொரு காவக்காரனா? வேற சோலி இல்லையா ஒனக்கு?"

மதினி ஜீப்பில் இறங்கி வந்து விலையைப் போட்டாள். செயலியில் அவளுடைய பக்கத்திலேயே அது தெரியவில்லை. "ஒரு நிமிசம்க்கா, வெரசா முடிச்சிர்றேன்" என்று நண்பன் எதையோ தட்டினான். திரையில் விலை பளிச்சென்று வந்தது. எங்கள் கண்ணில் பட்டும் மதினி கலங்கவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். அவன் மாற்றிய நிரலை வெளியே ஏற்றப் பொத்தானை அழுத்தினான்.

சிவப்புக் கோடு!

"சாவிக்கு முன்னால பப்ளிக்குன்னு போட்டியாடா?"

"அது இல்லாம வெல வரமாட்டேங்குது மாப்ளே..."

நான் குதித்த குதியில் நாற்காலி சாய்ந்தது. "பிடிச்சிருச்சு! பிடிச்சிருச்சு!" கீழே காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் என்ன ஏதென்று மாடிப்படிக்கு வந்துவிட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பிழைச் செய்தியைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. முகம் சிவந்துபோன நண்பன் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, விலையை சர்வர் வழியாகவே வரவைத்தான். அவன் முடிக்கும்வரை 'காவக்காரன் எப்படி?' என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"இது நிப்பாட்டலைன்னா ஒங்க வெல ஊருக்கே தெரிஞ்சிருக்கும் மதினி."

"ஒங்க ரெண்டு பேரையும் நம்பாமயா நிப்பாட்டுச்சு?"

"ஆமா மதினி."

மதினி விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பச் சரி கொழுந்தனாரே. மொதல்ல போட்டது சும்மா ஒரு வெல. இப்பத்தான் நெசமானதப் போடப்போறேன். ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பிக்கொண்டோம். சாவி என்னிடம்தான் இருக்கிறது. அந்த விலையை இன்றுவரை நான் பார்க்கவில்லை.