வராத வயிற்றுவலி

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, இல்லாத வயிற்றுவலியை இருப்பதாக நடித்து, ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குடித்துக்கொண்டிருந்த பாலை நிறுத்தினேன். சொல்லித் தந்தவர் சித்தப்பா. ஆனால் நடித்தது நான். நன்றாகவே நடித்தேன். என் மனைவி உயிரோடிருந்தவரை அவளுக்குக்கூட இதைச் சொல்லவில்லை. கடைசியில் சொல்ல வைத்தவள் மகள். அப்படியொரு எண்ணம் அவளுக்கும் இருக்கவில்லை.

போன மாரியில், பனி கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. நாங்கள் குடியேறிய பிரெஞ்சு பேசும் நகரத்தில், செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலேயுள்ள அறையில், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரர் நாலு பேர் செவ்வாய்க்கிழமைப் பின்னேரங்களில் கூடி, முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டத்தை இரண்டு சோடிகளாக விளையாடுவோம். எனக்கு எதிரே உட்காரும் என் சோடி, இந்த நகரத்தில் பேருந்து ஓட்டியவர். வடமராட்சிக்காரர். அதிகம் பேசமாட்டார். முதல் நாள் சந்தித்தபோது, எங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்பதை நானும் கேட்டேன்: "ஊரில எந்தப் பக்கம்?"

அது ஊரை அறிவதற்கான கேள்வி அல்ல. பக்கத்தைச் சொன்னால் கோயில் தெரியும், கோயிலைச் சொன்னால் ஒழுங்கை தெரியும், ஒழுங்கை தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். அவர் ஊர்ப்பெயரை மட்டும் சொல்லிவிட்டுச் சீட்டைக் கலக்கினார். நான் ஊகித்துக்கொண்டேன். ஊகித்த பிறகும் அவரோடு சோடி சேர்ந்து விளையாடுவதை என் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய் மகள் அங்கே வந்தாள். மருத்துவமனையில் தாதியாக இருக்கிறாள், அன்று அவளுக்கு ஓய்வு நாள். இந்த நாட்டு வரவுசெலவுத் திட்டத்தில் வெளிநாட்டு உதவியைக் குறைக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததிலிருந்து, தெரிந்தவர்களையெல்லாம் பிடித்து எம்.பி.மாரின் அலுவலகங்களுக்குத் தொலைபேசி எடுக்க வைத்துக்கொண்டிருந்தாள். சப்பாத்திலிருந்த பனியை வாசலில் தட்டிவிட்டு வந்து, நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"பேரும் போஸ்டல் கோடும் சொல்லி, உதவியை வெட்ட வேண்டாம் எண்டு சொன்னாக் காணும். கனபேர் எடுத்தால்தான் அவை கணக்கெடுப்பினம். இப்ப எடுங்கோ, நான் பக்கத்தில இருக்கிறன்."

எங்கள் நாலு பேரில், முன்பு டெப்பனர் என்கிற சிறு தெருமூலைக் கடை வைத்திருந்தவர் சிரித்தார். "பிள்ளை, இஞ்ச ஃபமிலி டொக்டர் கிடைக்காமல் நாங்கள் காயிறம். அதுக்கை வெளிநாட்டுக்குப் பாலும் மருந்துமோ?"

"அங்கிள், நீங்களும் ஒருக்கா வெளிநாடுதான்."

"ஓம், அப்ப ஆர் எனக்குப் பால் தந்தது?"

"அதை ஏன் என்னட்டைக் கேக்கிறியள்? அப்பாவைக் கேளுங்கோ, அவர் படிச்ச மனிசன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்த மனிதனாக நான் வாயைத் திறந்தேன். "அது அங்க போய்ச் சேராது பிள்ளை. பாதி களவு போயிடும். மிச்சம் பழுதாகித்தான் போகும். குடிக்கிற பிள்ளையளுக்கு வயித்துக்குத்துதான் மிஞ்சும்."

"வயித்துக்குத்தோ? உங்களுக்கு எப்பிடியப்பா தெரியும்?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குக் கைச்சீட்டு மங்கியது. அந்தச் சொற்கள் என்னுடையவை அல்ல. அறுபது வருடத்துக்கு மேல் என் வாய்க்குள் கிடந்த சித்தப்பாவின் சொற்கள், அவருடைய குரலோடேயே வெளியே வந்திருந்தன.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வெளிநாட்டிலிருந்து பால்மா வந்தது. எந்த நாடு என்று நான் பார்க்கவில்லை. இடைவேளைக்குச் சற்று முன் பெரிய கிடாரத்தில் தண்ணீர் கொதிக்கும். அதில் மாவைக் கரைத்து, வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் தகரப் பேணிகளில் ஊற்றுவார்கள். முதலில் அதைச் செய்தவர் எங்கள் சாதி மனிதர் ஒருவர். அவர் பால்மாவை வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்று கண்டுபிடித்து, புதிதாக மாறிவந்த தலைமையாசிரியர் அவரை நிறுத்தினார். அந்த இடத்துக்கு, வயலுக்கு அப்பால் இருந்த குடியிருப்பிலிருந்து ஒரு தாயைக் கொண்டுவந்தார். அந்தக் குடியிருப்பு ஆட்களுக்கு எங்கள் வீடுகளில் தேத்தண்ணீரைச் சிரட்டையில்தான் கொடுப்பார்கள். கிணற்றில் அள்ளவிடமாட்டார்கள்.

அந்தத் தாயின் மகள் என் வகுப்பில் படித்தாள். பள்ளிக்கூடத்து வயது வராத தம்பியொருவனும் அவளுக்கு இருந்தான். பால் ஊற்றும் நேரத்துக்குச் சரியாக, காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையில் பேணியோடு வந்து அக்காவின் பின்னால் நிற்பான். தலைமையாசிரியர் அந்தப் பக்கம் பார்க்காமல் வேறெங்காவது பார்ப்பார்.

அந்தத் தாய் பால் ஊற்றத் தொடங்கிய அன்றிரவு எங்கள் வீட்டில் பெரிய கூட்டம். அவளுடைய கையால் எங்கள் பிள்ளை குடிப்பதா என்று அம்மா கண்ணீர் விட்டார். பாலைக் குடிக்காதே என்று எனக்குக் கட்டளையிட்டால் போதும் என்றார் அப்பா. சித்தப்பாவுக்கு அது போதவில்லை. அவர் வாசிகசாலையில் சமத்துவத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடியவர். கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்ததால் சட்டமும் தெரியும். சாதியைச் சொல்லி எதிர்த்தால் வழக்காகிவிடும். பாலைச் சொல்லி எதிர்த்தால் ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது.

"பால் பழுது. பிள்ளையளுக்கு வயித்துக்குத்து வருது. அவ்வளவுதான் கதை," என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். பாடசாலை நாடகத்தில் இறந்துபோகும் அரசனாக நடித்து எல்லோரையும் அழவைத்தவன் நான்.

பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் வித்தியாதரிசி வரும் நாள் சித்தப்பாவுக்குத் தெரிந்திருந்தது. சைக்கிளின் முன்பாரில் என்னை ஏற்றிப் பட்டணத்துக்குக் கூட்டிப்போய் ஐஸ்பழம் வாங்கித் தருவதாகச் சொன்னார். ஒரு பள்ளிக்கூடத்துப் பாலுக்கு நான் பேசிய விலை அது.

அந்த நாள் வந்தது. வித்தியாதரிசி வெள்ளைக் காற்சட்டையோடு வந்து, தலைமையாசிரியரின் கதிரையில் உட்கார்ந்து பதிவேடுகளைப் பார்த்தார். மணி அடித்தது. வரிசை கட்டினோம். எனக்கு முன்னால் ஆட்கள் குறையக் குறைய, திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது. அந்தத் தாய் என் பேணியில் ஊற்றும்போது, நிறைய ஊற்றினாள். மற்றவர்களுக்கு ஊற்றியதைவிட அதிகம். எங்கள் வீட்டுப் பிள்ளை என்பதால் குறை வரக்கூடாது என்று நினைத்திருப்பாள்.

நான் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. வேலிக்கரைக்குப் போய்த் தொண்டைக்குள் விரலை விட்டேன். பிறகு முற்றத்தின் நடுவுக்கு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து, இறந்துபோகும் அரசனைவிட நீளமாகக் கத்தினேன்.

நான் எதிர்பார்க்காதது அடுத்ததாக நடந்தது. என்னைப் பார்த்து இன்னொருவன் வயிற்றைப் பிடித்தான். பிறகு இன்னொருத்தி. அவர்கள் நடிக்கவில்லை. பயத்தில் அவர்களுக்கு உண்மையாகவே வலித்தது. முற்றம் முழுக்க அழுகை. வித்தியாதரிசி ஓடிவந்தார். வேலிக்கு வெளியே தற்செயலாக நிற்பதுபோல நின்ற சித்தப்பாவும் ஓடிவந்து, பழுதான சாமானைத்தான் வெளிநாட்டுக்காரன் அனுப்புகிறான், பாதி களவும் போகிறது, மிச்சத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றுக்குத்து என்று சத்தம் போட்டார்.

அந்தத் தாய் அகப்பையைக் கீழே போட்டுவிட்டு, ஒரு பேணியைக் கிடாரத்துக்குள் விட்டு நிறைய அள்ளினாள்.

"ஐயா, இஞ்ச பாருங்கோ, நான் குடிக்கிறன். ஒண்டும் செய்யாது ஐயா, பாருங்கோ."

சுடச்சுடக் குடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. தலைமையாசிரியர் மட்டும் அவளைப் பார்த்தார். வித்தியாதரிசி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணைச் சற்றே திறந்து நானும் அவளைப் பார்த்தேன். அப்போது எழுந்து நின்றிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். எழும்பவில்லை.

விசாரணை முடியும்வரை பாலை நிறுத்தச் சொன்னார்கள். விசாரணை முடியவேயில்லை. தலைமையாசிரியரை வேறெங்கோ மாற்றினார்கள். அந்தப் பெண்பிள்ளை சில கிழமைகள் வந்தாள். பிறகு வரவில்லை. எங்கள் வீடுகளில் பசுப்பால் இருந்தது, ஒருவருக்கும் ஒரு குறையுமில்லை. ஐஸ்பழம் சிவப்பு நிறம். வீட்டுக்கு வந்து சேரும்வரை நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டேன்.

இவ்வளவையும் அந்த அறையில், சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னேன். சாதியை மறைக்காமல் சொன்னேன். நாட்டில் போர் முடிந்தபின் ஊருக்குப் போனபோது அந்தக் குடும்பத்தை விசாரித்ததையும், குடியிருப்பே இடம்பெயர்ந்துவிட்டதால் ஒருவருக்கும் தெரியவில்லை என்பதையும் சொன்னேன். மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

டெப்பனர்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "அண்ணை, உந்தக் கதையளை ஏன் இப்ப கிண்டுறியள்? அதுவும் பிள்ளைக்கு முன்னால."

என் சோடி சீட்டுகளை ஒன்றாக அடுக்கினார். "அந்த மனிசி குடிச்சவவோ? எல்லாருக்கும் முன்னால?"

"ஓம். ஒரு பேணி நிறைய."

"எங்கட பள்ளிக்கூடத்திலயும் பால் நிண்டது," என்றார். "பால் பழுது எண்டுதான் சொன்னவை. அம்மா சாகுமட்டும் அதை நம்பினவ. பேந்து ஒருநாளும் பால்மாப் பேணியை வீட்டுக்கை விடேல்லை. கடைசித் தங்கச்சிக்கு முலைப்பால் காணாமல் கிடந்தபோதும் விடேல்லை."

அந்தத் தங்கை என்ன ஆனாள் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அவருடைய ஊர் வேறு, பள்ளிக்கூடம் வேறு. ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சித்தப்பா இருந்திருப்பார்.

அவர் மகளிடம் கையை நீட்டினார். "நம்பரைத் தாங்கோ பிள்ளை." பேருந்து ஓட்டிப் பழகிய பிரெஞ்சில் பெயரையும் அஞ்சல் குறியீட்டையும் சொல்லி, உதவியைக் குறைக்க வேண்டாம் என்று சொல்லி, மெர்சி என்று நன்றி சொல்லி வைத்தார். மேலங்கியை எடுத்துக்கொண்டு, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினார்.

பிறகு நான் எடுத்தேன். மறுமுனையில் இளம் பெண்ணின் குரல். தயவாகக் கேட்டாள். நான் பால் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அவள் குறுக்கிடவில்லை. முடிந்ததும், உங்கள் கருத்தை உறுப்பினருக்கு அறிவிப்போம், உதவிக்கு நீங்கள் ஆதரவா எதிர்ப்பா என்று எழுத வேண்டும் என்றாள். என் வாழ்க்கையின் பெரிய குற்றம் ஆதரவு என்ற பக்கத்தில் பதிவாகியது. அதற்குப் பிறகு தெரிந்தவர்களையெல்லாம் நானும் நச்சரிக்கத் தொடங்கினேன். சிலர் எடுத்தார்கள். சிலர் என் பெயரைக் கண்டால் தொலைபேசியை எடுப்பதில்லை. டெப்பனர்காரரும் எம்.பி.யின் அலுவலகத்துக்கு எடுத்தார். ஆனால் சாதிக் கதையை இனிக் கதைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. எங்கள் அழைப்புகளால் எங்காவது ஒரு பேணி பால் நிறுத்தப்படாமல் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

என் சோடி பல செவ்வாய்கள் வரவில்லை. நாற்காலியை அப்படியே விட்டு, மூன்று பேராகத் தேத்தண்ணீர் குடித்துக் கலைந்தோம். பனி உருகி நடைபாதையில் கற்கள் தெரியத் தொடங்கியபோது ஒருநாள் வந்தார். எனக்கு எதிரே உட்கார்ந்தார். சீட்டைக் கலக்கிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்:

"அந்தப் பெட்டைக்குத் தம்பி ஒருத்தன் இருந்தவன் எண்டனீங்கள். அண்டைக்கு அவன் என்ன செய்தவன்?"

அன்று அறையில் நான் சொல்லாமல் விட்டிருந்தது அது. வேறு வழியில்லாமல் சொன்னேன்.

நான் முற்றத்தில் கிடந்து கத்தியபோது, அந்தச் சிறுவன் பேணியை வாயருகே கொண்டுபோயிருந்தான். அக்கா பாய்ந்து வந்து அதைப் பறித்து மண்ணில் ஊற்றினாள். அவன் குந்தியிருந்து, வெள்ளையாகக் கிடந்த ஈரத்தில் விரலைத் தோய்த்து வாயில் வைக்கப் போனான். அவள் அந்தக் கையில் ஓங்கி அடித்தாள். அவன் திரும்பவும் விரலை நீட்டினான். திரும்பவும் அடித்தாள்.

அவர் சீட்டைப் பிரித்துப் போட்டார். எனக்குரியதை என் முன்னால் தள்ளினார்.

அடிபட்ட தம்பி அழவில்லை. அடித்தவள்தான் அழுதாள். அடித்தவள் எதற்கு அழுகிறாள் என்று, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு கிடந்த எனக்கு அன்று விளங்கவில்லை.