குருவும் சுக்கிரனும் எதிரெதிரே

என் அக்காவின் ஜாதகத்தில் குருவும் சுக்கிரனும் ஏழாம் பார்வையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைக் காரணம் காட்டி இரண்டு வரன்கள் தட்டிப்போயின. இரண்டுமே சுபகிரகங்கள், இதில் என்ன குற்றம் என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு திருவரங்குளத்து ஜோசியரிடம் போனாள்.

அவர் கட்டத்தை வெகுநேரம் பார்த்தார்.

"கெட்டவன் எதிர்ல நின்னா ஒதுங்கிக்கலாம் ஆத்தா. இங்க ரெண்டு பேரும் நல்லவங்க. ஒருத்தர் தேவருக்குக் குரு, இன்னொருத்தர் அசுரருக்குக் குரு. ரெண்டு பேரும் அள்ளித்தான் குடுப்பாங்க. ஆனா ஒரே நேரத்துல, ஆளுக்கொரு பக்கமா இழுத்துக்கிட்டே குடுப்பாங்க."

"பரிகாரம் ஏதும் இருக்குங்களா?"

"நல்லதுக்கு ஏதுங்க பரிகாரம்?"

அந்த வைகாசியில் அறந்தாங்கி வரன் அமைந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். தாம்பூலம் மாற்றிய மறுநாளே தபால் வந்தது. போன வருஷம் அக்கா எழுதிப் போட்டிருந்த பிரசவம் பார்க்கும் மிட்வைஃப் பயிற்சிக்கு மதுரையில் இடம் கிடைத்திருந்தது.

"வரலைன்னு எழுதிப் போட்ரு" என்றார் அப்பா.

அக்கா எழுதினாள், ஆனால் மாப்பிள்ளைக்கு. எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் அதுவரை செய்யாத காரியம்.

நாலாம் நாள் சாயங்காலம் அவரே பஸ்ஸில் வந்து இறங்கினார். "ரெண்டு வருஷந்தானுங்களே மாமா. படிச்சிட்டு வரட்டும், நான் இருக்கேன்."

கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா கேட்டாள்: "வேலைக்கும் போவேன்னு எழுதியிருந்தேனே, படிச்சீங்களா?"

"படிச்சேன். அதுக்குத்தான் நேர்ல வந்தேன்."

அவரை வழியனுப்ப வாசலுக்கு வந்தோம். பொழுது அடங்கியிருந்தது. மேற்கே பனைமரங்களுக்கு மேல் ஒரு வெள்ளி ஒளி. கிழக்கே கண்மாய்க் கரையில் இன்னொன்று அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. "அங்கிட்டு நிக்கிறது சுக்கிரன். இங்கிட்டு குரு" என்றார் அப்பா மெதுவாக. நடுவில் அக்கா நின்றாள்.

சொன்னபடி இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் நடந்தது. அவளுக்கு வேலை ஜெகதாப்பட்டினத்தில், அவருக்கு அறந்தாங்கியில். ஆண்டுக்கணக்கில் சனிக்கிழமை பஸ்தான் அவர்களைச் சேர்த்து வைத்தது. திங்கட்கிழமை காலையில் அழுதுகொண்டே பஸ் ஏறுவாள். ஒருமுறை அவளோடு நானும் போனேன். அன்று மதியம் ஒரு மீனவர் குடிசையிலிருந்து, பச்சைக் குழந்தையைத் துணியில் ஏந்தி வெளியே வந்தாள். காலையில் அழுத முகமா அது? பார்த்துக்கொண்டே நின்றேன்.