குரல் வராத டோக்கன்

ஏரியூர் கலைமதிக்கு எதைச் செய்து முடித்தாலும் நிம்மதி வராது. தருமபுரியில் ஒரு சின்ன கம்பெனியில் வெப் பக்கங்கள் எழுதுவது அவள் வேலை. கண் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு டோக்கன் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள். அது ஓடத் தொடங்கிய அன்று, யாரும் கூப்பிடாமலே போய் நோயாளிகளோடு உட்கார்ந்துகொண்டாள்.

வரவேற்பில் இருக்கும் தேவிப்பிரியா 'அடுத்து' பட்டனை அழுத்தினால் டிவியில் எண் மாற வேண்டும். பேரைச் சொல்லிக் குரலும் கூப்பிட வேண்டும். அதற்காக ஸ்கிரிப்டில் 'டோக்கன் அழைப்பு' என்று சொந்தமாக ஓர் ஈவென்ட், அதாவது ஒரு சமிக்ஞை, உருவாக்கியிருந்தாள். பட்டனிலிருந்து அது கிளம்பும். எண்ணை மாற்றும் பகுதியும் குரல் பகுதியும் அதைக் கேட்டுத் தத்தம் வேலையைச் செய்யும்.

எண் மாறியது. குரல் வரவில்லை.

ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பார்த்தாள். ஒயரில் கோளாறு இல்லை. அதற்குள் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"கண்ணு, சென்னம்மான்னு கூப்ட்டாங்களா?" பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டார். ஒரு கண்ணில் கட்டு, இன்னொன்றில் புரை. டிவி அவருக்கு வெறும் வெளிச்சம்.

கலைமதி அவர் சீட்டைப் பார்த்தாள். அந்த எண் எப்போதோ தாண்டிப் போயிருந்தது.

"தேவி, நிறுத்துங்க! பட்டனைத் தொடாதீங்க. வாயாலயே கூப்பிடுங்க."

சென்னம்மாளின் கையைப் பிடித்து டாக்டர் அறையில் விட்டு வந்து, லேப்டாப்பைத் திறந்தாள். எண்ணை மாற்றும் பகுதி பட்டனிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. குரல் பகுதியோ பட்டனுக்கு மேல்மட்டத்தில், பக்கம் முழுவதற்கும் பொதுவான இடத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. சோதிக்கும்போது அவள் ஈவென்ட்டை நேராக மேலேயே கிளப்பியிருந்தாள், குரல் வந்தது. இங்கே அது பட்டனில் கிளம்பி பட்டனிலேயே நின்றுவிட்டது. சொந்தமாக உருவாக்கும் ஈவென்ட் தானாக மேலே ஏறாது, ஏறு என்று சொல்ல வேண்டும். அவள் சொல்லவில்லை.

ஒரே வரி. சேர்த்தாள்.

"இப்ப அழுத்துங்க."

"பெரியண்ணன், அறை இரண்டு" என்றது குரல். வேட்டியை உதறிக்கொண்டு ஒருவர் எழுந்தார்.

"அவ்ளோதானா? இதுக்கா மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?" தேவிப்பிரியா சிரித்தாள்.

கலைமதிக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு யார் எண்ணாவது தாண்டியிருக்குமோ என்று ஒவ்வொருவரிடமும் சீட்டை வாங்கிப் பார்த்தாள். அப்படி இன்னும் ஒருவர் இருந்தார். அவரையும் உள்ளே அனுப்பினாள். சாயங்காலம் ஏரியூர் பஸ்ஸில் ஏறியதும் தேவிப்பிரியாவுக்குப் போன் போட்டாள்.

"குரல் வருதுங்களா?"

"வருது தாயி. நீங்க வூடு போய்ச் சேருங்க."