அண்ணன் கும்பிட்ட சாஸ்தா

அண்ணனின் பதினாறாம் நாள் விசேஷத்தில் பக்கத்து வீட்டுச் சித்தி சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னாள்: "சாமிய மாத்திக் கும்பிட்டா இப்படித்தான் காவு வாங்கும்." அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் பக்கம் ஒவ்வொரு குடும்பமும் அவரவர் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைக்கும். அப்பா எனக்கு நினைவு தெரியும் முன்பே இறந்துவிட்டார். அவர் வழிச் சாஸ்தா எது என்று சொல்ல ஆள் இல்லை. கல்யாணமான புதிதில் ஒருதடவை போன ஞாபகத்தை வைத்து, சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு குளத்தங்கரைச் சாஸ்தாவுக்குத்தான் அம்மா எங்களைக் கூட்டிப்போவாள். இப்போது அதுவே குற்றமாகிவிட்டது.

"நாந்தான் எடம் மாறிக் கூட்டிட்டுப் போயிருக்கேன். என் பிள்ளய நானே குடுத்துட்டேன்."

சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பாள். கங்கைகொண்டானில் வேலை முடிந்து வரும்போது நாலுவழிச் சாலையில் லாரி மோதித்தான் அண்ணன் செத்தான். அதை எத்தனை முறை சொன்னாலும் அவள் காதில் ஏறவில்லை.

அண்ணன் போனில் எங்கள் வகையறா வாட்ஸ்அப் குரூப் ஒன்று இருந்தது. இந்தப் பக்கம் முதலில் வந்து குடியேறியவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று தேடுகிற குரூப். பம்பாயிலிருந்தும் தென்காசியிலிருந்தும் பழைய பத்திரங்களைப் படம் எடுத்துப் போடுவார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அந்தக் கையெழுத்து எனக்கு ஓடவே இல்லை. நம்ம சாஸ்தா எது என்று மட்டும் அவன் போனிலிருந்தே கேட்டேன்.

பெரியப்பா முறைக்காரர் ஒருவரின் குரல் பதிவு வந்தது. "ஏலே, எங்கலே போய்த் தொலஞ்ச இத்தன நாளா? கேள்வி மட்டும் கேக்க, ஒரு பத்திரம் போட மாட்டுக்கியே."

அவன் இறந்துவிட்டான், நான் தங்கச்சி, நாங்கள் போகிற குளத்தங்கரைச் சாஸ்தா மாறிப்போச்சோ என்று அம்மா சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று எழுதினேன்.

அடுத்த வாரம் அந்தப் பெரியப்பா பத்திர ஆபீசில் பழைய பத்திரம் ஒன்றின் நகலை வாங்கிவிட்டு என்னை அம்பாசமுத்திரத்துக்கு வரச் சொன்னார். டீக்கடை பெஞ்சில் தாளை விரித்து, விரல் வைத்துப் படித்தார். முதலில் வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் வாங்கிய வயல். கிழக்கு எல்லை வாய்க்கால். வடக்கு எல்லை, தங்கள் குலதெய்வமான சாஸ்தா கோயில். குளத்தின் பெயரும் இருந்தது.

"நீங்க போற அதே குளத்தங்கரதாம்மா. ஒங்கம்மா ஞாபகம் சரிதான். வயிறாரச் சாப்பிடச் சொல்லு."

பஸ்ஸில் வரும்போது, அம்மா இனி தேறிவிடுவாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து சொன்னேன். தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ ஒழுங்காத்தான் கும்பிட்டிருக்கோம்."

"ஆமாம்மா."

"பொறவு எதுக்குட்டி அவன கொண்டு போச்சு?"

தன்மேல் பழி போட்டுக்கொள்ளவாவது அவளுக்கு ஒன்று இருந்தது. அதையும் நான் பிடுங்கிவிட்டேன். அன்றைக்கு அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

ரெண்டு நாள் கழித்துச் சித்தி மறுபடி வந்தாள். "ஒங்க முன்னோர்ல எவனோ ஒரு பொம்பளய வயிறெரிய விட்டிருப்பான். அந்தச் சாபமா இருக்கும்."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏட்டி, அதையும் அந்தப் பெரியப்பாட்ட கேட்டுப் பாரேன்."

அலுப்பாக இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தவளிடம் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. அண்ணன் போனைச் சார்ஜில் போட்டேன்.